நைனா வாங்கி வந்த மெமரி

நமக்கெல்லாம் நாற்பது நெருங்கிவிட்டது. நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் தினமும் எவளாவது ஒருத்தி மூட்டுவலிக்குத் தைலம் கேட்கிறாள். இன்னொருத்தி மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடியதை எழுதுகிறாள். போன வாரம் ஒருத்தி, போனில் மெமரி ஃபுல் என்று வருகிறது, எதை அழிப்பது என்று கேட்டாள். ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மெமரி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கிரீஸ் வாடை அடிக்கும். ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷன் உங்களில் இரண்டு மூன்று பேருக்குத் தெரியும். ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் கடல். கடல் என்றதும் ஜன்னலைத் திறந்தால் ஜில்லென்று காற்று வரும் என்று நினைப்பார்கள், தென்சென்னையில் இருப்பவர்கள். நாங்கள் ஜன்னலையே திறக்க மாட்டோம். அப்போது துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவார்கள். கரித்தூள் காற்றில் வந்துகொண்டே இருக்கும். வெள்ளை யூனிபார்மைத் துவைத்துக் கொடியில் போட்டால் மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழைய துணியைச் செருகி வைத்தும், வீட்டுக்குள் நடந்தால் உள்ளங்கால் கறுக்கும்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கிரேன்களின் இரும்புக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவுவது. உப்புக்காற்றில் எந்த இரும்பும் தாங்காது என்பது அவருடைய ஒரே நம்பிக்கை. சாமி கும்பிடுவதைக்கூட மறந்துவிடுவார், கிரீஸ் போட மறக்க மாட்டார். கதவுக் கீல், தாழ்ப்பாள், அம்மாவின் தையல் மிஷின், அரிவாள்மணை என்று வீட்டில் அவர் விரல் படாத இரும்பே கிடையாது. ஒருமுறை என் காம்பஸுக்கும் தடவிவிட்டார். அது வட்டம் போடாமல் வழுக்கிக்கொண்டு ஓட, கணக்கு மிஸ் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, இதில் பஜ்ஜி மடித்தாயா என்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள்தானே சிரித்தீர்கள்.

அந்தக் கோடையில் எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்கு இருபது. அக்கா பி.காம். முடித்துவிட்டு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வகுப்புக்குப் போனாள். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிப் பதிவு செய்வதை, இங்கே காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டு டைப் அடித்துத் தர வேண்டும். அந்த இரண்டு மூன்று வருடம் நம் பக்கத்தில் படித்த பெண்களில் பாதிப் பேர் அந்த வகுப்பில்தான் இருந்தார்கள். கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் தரும் சீடியில் உள்ள பேச்சுகளைக் கேட்டு, டைப் அடித்து, குறித்த சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேறினால் கம்பெனியில் வேலை.

அக்காவுக்குச் சம்பளத்தைவிட அந்த வேன்தான் ஆசை. கம்பெனி வேன் தெருமுனைக்கு வரும், கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறி உட்கார வேண்டும், ஜன்னலோரமாக. அதை அவள் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். என் ரிப்பனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றும் பார்த்திருக்கிறாள்.

இதற்கு நடுவில்தான் அந்த வில்லங்கம் வந்தது. கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்க அக்கா பிரவுசிங் சென்டருக்குப் போனாள். அந்தக் கடைகளை மறந்திருக்க மாட்டீர்கள், தீப்பெட்டி தீப்பெட்டியாய்த் தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நைலான் திரை. அவள் ஒரு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த நேரம், அவள் வகுப்பில் படிக்கும் ஒரு பையன் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு வந்திருக்கிறான். இரண்டு பேரும் சிரித்து ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்கள். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நைனாவின் கூட்டாளி அதைப் பார்த்தார். பார்த்ததை அப்படியே சொல்லியிருந்தால் பரவாயில்லை. ஒரே திரைக்குள்ளிருந்து இரண்டு பேரும் வந்தார்கள் என்று சொல்லிவிட்டார்.

நைனா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் ஒரு பெரிய பூட்டு வாங்கி வந்தார். நைனா துறைமுகத்துக்குப் போவார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குச் சட்டை தைக்கப் போவாள். காலையில் இருவரும் கிளம்பும்போது கதவைச் சாத்தி வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். மாலையில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் திறப்பார்கள். எனக்குப் பள்ளி விடுமுறை, அதனால் நானும் உள்ளே. அக்காவுக்குத் துணை என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். காவலுக்கு வைத்திருக்கிறார்கள் என்பது புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

உள்ளே கேஸ் அடுப்பு இருந்தது, ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் இருந்தது, ஒரே வாசல். ஏதாவது பற்றிக்கொண்டிருந்தால் இரண்டு பெண்களுக்கும் வெளியே ஓட வழியில்லை. நைனாவுக்கு அது தோன்றவே இல்லை. கெட்டது எல்லாம் வெளியே இருந்துதான் வரும் என்று நினைத்தார்.

அந்த நாட்கள் எப்படி நகர்ந்தன என்று கேட்காதீர்கள். புழுக்கம். மின்விசிறி சுடுகாற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். கூட்ஸ் வண்டி போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும், அதுதான் எங்களுக்குப் பொழுதுபோக்கு. எதிர்ப் போர்ஷன் அத்தை நல்ல மனுஷி. எங்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமானால் கதவுக்கு அடியில்தான் தள்ள முடியும். பழைய வாரப் பத்திரிகைகள் வரும். ஒருநாள் ஒரு காகிதத்தில் சுட்ட அப்பளத்தை வைத்துத் தள்ளினார். பாதி வழியில் நொறுங்கிவிட்டது. நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து துண்டு துண்டாய்ப் பொறுக்கித் தின்றோம், சிரித்தோம். அதற்குப் பிறகு அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

சீடி மட்டும் வந்து சேர்ந்திருந்தது, வகுப்புத் தோழி ஒருத்தி அம்மாவிடம் கொடுத்தனுப்பினாள். கேட்டு டைப் அடிக்கக் கம்ப்யூட்டர்? அது எங்கள் மாமாவிடமிருந்து வந்தது. அம்மாவின் தம்பி, கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்திலோ எவனோ தூக்கிப் போட இருந்த பழைய லேப்டாப்பை வாங்கி வந்து, அக்கா பாஸ் செய்ததற்குப் பரிசு என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார். செங்கல் கனம். நைனாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமை. பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, உலகமே வூட்டுக்குள் வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார்.

அக்கா சீடியைப் போட்டதும் திரையில் ஒரு சிறிய கட்டம் வந்தது. மெமரி போதாது என்று அது ஆங்கிலத்தில் சொன்னது. என்ன செய்தாலும் அந்தக் கட்டம்தான் வந்தது. சனிக்கிழமைக்கு ஒரு வாரத்துக்கு மேல் கொஞ்சம் நாள் இருந்தது. அன்று மாலை நைனா வந்ததும் அக்கா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள். மெமரி என்றால் என்ன என்று அவர் கேட்டதற்கு, உள்ளே இடம் பத்தவில்லை என்று சொன்னாள். நைனா துறைமுகக் கணக்கில் கேட்டார்.

"கொடோன்ல எடம் இல்லன்னா கப்பல் வெளியவே நின்னுகினு இருக்கும். அந்த மாதிரியா?"

"அதேதான் நைனா."

"அப்ப வாங்கிட வேண்டியதுதான்."

இதில்தான் அந்த மனிதரை என்னால் முழுதாக வெறுக்க முடியாமல் போகிறது. அடுத்த விடுப்பு நாளிலேயே, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிட்டார். நட்டு வாங்கப் போகிறவர் பழைய நட்டைச் சாம்பிளுக்கு எடுத்துப் போவது போல, உள்ளே இருப்பதைக் கழற்றிக் கொடு, அதையே காட்டி வாங்கி வருகிறேன் என்றார். அக்கா லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, பழைய மெமரியை எடுத்துக் கொடுத்தாள். விரல் நீளப் பச்சை அட்டை, ஒரு ஓரத்தில் வரிசையாய்த் தங்க நிறப் பற்கள். நைனா அதை ஒரு கைக்குட்டையில் சுற்றி, டிபன் பாக்ஸுக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் புதியதோடு வந்தார். உடனே போட்டுப் பார்க்கலாம் என்று அக்கா துடித்தாள். கரிநாளாம், கூடாது என்றுவிட்டார். இரண்டையும் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். மறுநாள் காலையில் பூட்டிவிட்டுக் கிளம்பும் முன், நல்ல நேரம் பிறந்ததும் எடுத்துப் போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல நேரம் பிறந்தது. அக்கா குளித்துவிட்டு வந்து, பழையதை ஒரு பள்ளத்திலும் புதியதை இன்னொரு பள்ளத்திலும் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். திரையில் ஒன்றும் இல்லை, வெறும் கறுப்பு. உள்ளே இருந்து பீப், பீப், பீப் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அதே சத்தம். புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டாள். அதற்கும் அதே சத்தம். முந்தாநாள் வரை நன்றாக இருந்த மெஷின் இப்போது செத்துக் கிடந்தது.

அக்கா பழையதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். தங்கப் பற்களின் மேல் பளபளவென்று ஏதோ இருந்தது. விரலால் தொட்டாள், வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"நைனா வாசனை வருது," என்றாள்.

எனக்கும் நீட்டினாள். ஆமாம், கிரீஸ். அவர் வேலைவிட்டு வந்து சட்டையைக் கழற்றும்போது வீடெல்லாம் வரும் அதே வாடை. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

"வேணும்னே பண்ணிகிறாரு. நான் எழுதக் கூடாதுன்னே பண்ணிகிறாரு."

எழுந்து போய்க் கதவை அடித்தாள். கை இரண்டாலும் அடித்தாள். அதுவரை ஒருநாள்கூட அவள் அந்தக் கதவைத் தொட்டதில்லை. பூட்டு வெளியே ஆடி ஆடி மோதும் சத்தம் கேட்டது. எதிர்ப் போர்ஷன் அத்தை ஓடி வந்து, என்ன ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அக்கா திற, திற என்று மட்டும் சொன்னாள். சாவி என்னிடம் இல்லையே கண்ணு என்று அத்தை வெளியே நின்று அழுதார். நான் உள்ளே நின்று அழுதேன். இருவராலும் ஒருவரையொருவர் தொட முடியவில்லை. அந்த மதியம் மாதிரி ஒரு மதியம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை, வரவும் வேண்டாம்.

மாலையில் நைனா திறந்துகொண்டு வந்தபோது அக்கா நேராக அவர் முன்னால் போய் மெமரியை நீட்டினாள். ஏன் நைனா இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவர் அக்காவின் அழுது வீங்கிய முகத்தையும் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உப்புக் காத்துல துரு புடிச்சிடாதா? தங்கமா மின்னிகினு இருந்துது. கறுத்துப் போயிடப் போவுதேன்னு ரெண்டுத்துக்கும் லேசா தடவி வெச்சேன். இன்னா, கெட்டுப் பூட்ச்சா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். நைனாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது என்று தெரியாத முகம். பிறகு மூவருமாக உட்கார்ந்தோம். அவருடைய பழைய பனியனைக் கிழித்துக் கிரீஸைத் துடைத்தோம். போதவில்லை. அழித்துப் பார்க்கலாம் என்று அக்கா என் ரப்பரைக் கேட்டாள். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர், யாருக்கும் கடன் கொடுக்காமல் வைத்திருந்தது. கொடுத்தேன். நைனா நானே தேய்க்கிறேன் என்று வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தார்.

மறுபடி செருகி, சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. மெஷின் தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கிறது என்று அக்கா சொன்னாள். பழைய எண்ணையும் தாண்டிக்கொண்டு போனபோது நைனா கை தட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அந்த ஒரு மாலை எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அதற்கப்புறம் சனிக்கிழமை வரை அக்கா சாப்பாட்டுக்கு மட்டும்தான் எழுந்தாள். பூட்டிய வீட்டுக்குள் அமெரிக்க டாக்டர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அவள் ஹெட்போனின் ஒரு காதை எனக்கும் கொடுப்பாள். முழங்கால், பித்தப்பை, இதய அடைப்பு என்று எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவரின் உடம்பு எங்கள் காதில் வந்து இறங்கும். நைனா தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளைக்கூட விரட்டினார், எங்க பொண்ணு பரீட்சை எய்துது என்று. பூட்டுவது மட்டும் நிற்கவில்லை. அக்காவும் இப்போது அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்னும் சில நாள்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

சனிக்கிழமை சீடியையும், டைப் அடித்ததை ஏற்றிய ஃபிளாப்பியையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நானும் வருகிறேன் நைனா என்றாள். வெயிலில் நீ எதற்கு, நானே கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்று அம்மாவுக்கு விடுமுறை, கதவு திறந்திருந்தது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தபடியே இருந்தாள்.

நைனா மல்லிகைப் பூவும் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு வந்தார். தெருமுனையிலிருந்தே முகமெல்லாம் பல். அங்கேயே உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தார்களாம், இவ்வளவு சுத்தமாக யாருமே அடித்துத் தரவில்லை என்றார்களாம். திங்கட்கிழமையே வந்து சேரச் சொன்னார்களாம். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள்.

"நான் வுடல," என்றார் நைனா. "வூட்லேர்ந்தே பண்லாமான்னு கேட்டேன். அதுக்கும் ஆளு எட்துகினுதான் கீறாங்களாம். துட்டு கொஞ்சம் கம்மி, பரவால்ல. உன் பேர அதுல மாத்தி எழுதச் சொல்லிட்டேன். வாராவாரம் நானே சீடிய எட்துகினு போய்க் குடுக்குறேன். நீ ஒண்ணுத்துக்கும் அலைய வாணாம்."

தனக்குத் தெரிந்த மிகப் பெரிய நன்மையைச் செய்துவிட்டு வந்து நின்றவர் அவர். அதை இப்போது என்னால் பார்க்க முடிகிறது, மன்னிக்கத்தான் முடியவில்லை.

"நைனா, வெளிய போணும்னுதான் நான் எய்தினதே."

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "எதுக்கும்மா? எல்லாம் இங்கியே கீதே. இன்னும் மெமரி வேணும்னா சொல்லு, வாங்கியாறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சரி நைனா என்றாள் அக்கா. அவர் ஊட்டிய பால்கோவாவைத் தின்றாள்.

பள்ளி திறந்தது, நான் உங்களோடு வகுப்பில் வந்து உட்கார்ந்தேன், அக்கா வீட்டில் டைப் அடித்தாள். நைனா அவளுக்கு மேஜை வாங்கிப் போட்டார், முதுகு வலிக்காத நாற்காலி வாங்கினார், கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று பேட்டரி வாங்கினார். மாப்பிள்ளைகள் வந்தார்கள். வேலை செய்துகொண்டு வீட்டோடு இருக்கும் பெண்ணை அனுப்ப நைனாவுக்கு மனம் வரவில்லை, ஏதாவது குறை சொல்லித் தட்டிவிட்டார். பூட்டு போடுவதை எப்போது விட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் பார்த்தேன், பூட்டு இல்லை. அதற்குப் பிறகும் அக்கா வெளியே போகவில்லை. கடைக்குப் போகலாம் வா என்றால் வேலை இருக்கிறது என்பாள். என் முறை வந்தபோது நைனா மாறிவிட்டிருந்தார், என்னை விடுதியில் சேர்க்கத் தாமே பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தார். கம்பெனி வேனில் நான்தான் ஏறினேன். நைனா படுத்த படுக்கையான இரண்டு வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டவள் அக்கா. அவர் போன பிறகும், அம்மாவோடு அதே மாடிப் போர்ஷனில்தான் இருக்கிறாள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே டைப் அடித்துவிடுகிறதாம், இவள் பிழை திருத்துகிறாள்.

கொரோனா வந்து ஊரையே அடைத்தார்களே, அப்போது நான் வேளச்சேரியில் தனியாக மாட்டிக்கொண்டேன். நான்கு சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ஒருநாள் காலையில் அக்காவுக்குப் போன் போட்டு, என்னால் முடியவில்லை, கதவை உடைத்துக்கொண்டு ஓடலாம் போல இருக்கிறது என்று குழந்தை மாதிரி அழுதேன். யாரிடம் அதைச் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அவள் கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"மொத வருஷம்தான்டி கஷ்டமா இருக்கும், அப்பால பழகிடும்," என்றாள். "காலைலயே குளிச்சிட்டு, வெளிய போற மாதிரி நல்ல துணியா உடுத்திக்கோ. தலைல பூ வெச்சிக்கோ. நான் அப்டிதான் பண்ணேன்."

பிறகு, வேலை வந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள்.